பூட்டிய பெட்டியும் கரண்ட் பில்லும்

18-ஆம் நூற்றாண்டின் இறுதி. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் நீர் இறைத்த நீராவி எஞ்சின்களில், நம்மூர் ஏற்றம்போல ஏறி இறங்கும் உத்திரம் ஒன்று உண்டு. அதில் ஒரு சின்னப் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. உத்திரம் ஒவ்வொரு முறை ஆடும்போதும் உள்ளே கணக்கு ஒன்று ஏறும். ஜேம்ஸ் வாட்டும் மேத்யூ போல்டனும் காசு பார்த்தது அந்தக் கணக்கில்தான். அதே வேலைக்குப் பழைய நியூகோமன் எஞ்சின் எவ்வளவு நிலக்கரி தின்றிருக்கும், அவர்களுடைய புதிய எஞ்சின் எவ்வளவு தின்றது? மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு.

இன்று அரசுக் கட்டடங்களுக்கு ‘எஸ்கோ’ நிறுவனங்கள் செய்வதும் இதுதான். விளக்கு, விசிறி, ஏ.சி. எல்லாவற்றையும் நிறுவனமே தன் செலவில் மாற்றும். குறையும் மின்கட்டணத்திலிருந்து சில ஆண்டுகளுக்கு அதன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் வராவிட்டால் நஷ்டம் அதற்கு. அமெரிக்க மத்திய அரசுக் கட்டடங்களில் இத்தகைய ஒப்பந்தம் 25 ஆண்டுவரை நீளலாம். இந்தியாவில் மின் அமைச்சகத்தின்கீழ் 2009-ல் தொடங்கிய இ.இ.எஸ்.எல். நிறுவனம் இந்த வேலையில் இறங்கியது.

கணக்கு எளிது. பழைய டியூப் லைட் சோக்கோடு சேர்த்து சுமார் 50 வாட் இழுக்கும், எல்.இ.டி. 20 போதும். தினம் 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் எரிந்தால் ஒரு விளக்குக்கு 90 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 720 ரூபாய். போட்ட பணம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். அதனால்தான் எந்த நிறுவனமும் முதலில் விளக்கில் கைவைக்கும். கட்டடத்தின் கரண்டை விழுங்கும் பழைய ஏ.சி. குளிர்விப்பு இயந்திரத்தை (சில்லர்) மாற்றப் பெரும் பணம் வேண்டும், திரும்பி வர ஆண்டுகள் ஆகும். சதையை எடுத்துக்கொண்டு எலும்பை அரசுக்கு விடும் இந்தப் பழக்கத்துக்கு பெர்லின் நகரம் 1996 முதல் ஒரு வழி வைத்திருக்கிறது: லாபமான கட்டடங்களையும் லாபமில்லாதவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி ஏலம் விடுவது. இங்கே அதைச் செய்யாமல் எல்.இ.டி. மாட்டியதையே பெரிய சாதனையாகச் சொல்லிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் உண்மையான சிக்கல் வேறிடத்தில். ஓர் அலுவலகப் பிரிவில் ஆறு டியூப் இருக்கிறது, மூன்று ஃபியூஸ் போய் இரண்டு வருடம். குமாஸ்தா ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். எஸ்கோ வந்து ஆறையும் மாற்றுகிறது. வெளிச்சம் இரட்டிப்பாகிறது, பில் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அந்த வருடமே பக்கத்து அறையில் பத்து கம்ப்யூட்டரும் வந்து இறங்கிவிட்டன. இப்போது மிச்சம் எது? ‘மாற்றாமல் இருந்திருந்தால் ஆகியிருக்கும் செலவு’ என்பது எந்த மீட்டரிலும் தெரியாத எண். அதை முன்கூட்டியே இரு தரப்பும் உட்கார்ந்து, அறை அறையாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்குத்தான் பொறுமை இருப்பதில்லை.

கோப்பிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. பட்ஜெட்டில் பில் கட்டும் தலைப்பு வேறு, கருவி வாங்கும் தலைப்பு வேறு. ‘கட்டாத பில்லுக்கு எதற்கு இன்னொருவருக்குப் பணம்?’ என்று கணக்குப் பிரிவு கேட்கும். பில் குறைந்தால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் குறையும். மிச்சம் பிடித்த அலுவலகத்துக்கு ஒரு ஃபேன்கூட வராது. பிறகு சுவிட்சை அணைக்க யார் எழுந்திருப்பார்?

மிச்சத்தை எதோடு ஒப்பிடுவது என்ற சண்டை கார்ன்வாலிலும் வந்தது. நியூகோமன் எஞ்சின்கள் பழைய இரும்பாய்ப் போன பிறகு சுரங்க முதலாளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு கசந்தது. இல்லாத எஞ்சினோடு ஒப்பிட்டு ஏன் தர வேண்டும் என்றார்கள். பணத்தை நிறுத்தினார்கள், விவகாரம் நீதிமன்றம்வரை போனது. 1800-ல் வாட்டின் காப்புரிமையும் முடிந்தது. நம் எஸ்கோ ஒப்பந்தத்திலும் ஏழாவது வருடத்தில் புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, “எந்த டியூப் லைட்? அது எங்கே?” என்று கேட்பார். அது எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.