எந்தக் கதையைச் சொல்வது?

மாட்டுங்கா லேபர் கேம்ப் பிள்ளைகளுக்கு பைபிளில் நெருக்கமான கதைகள் நிறைய இருக்கின்றன. அவை பாடப் புத்தகத்தில் இடம்பெறுகின்றனவா என்பதுதான் கேள்வி.

இயேசுவின் சீடர் பேதுரு யோப்பா பட்டணத்தில் பல நாள் தங்கியிருந்தது ஒரு தோல் பதனிடுபவரின் வீட்டில். அவர் பெயர் சீமோன். வீடு கடலோரம். 'அப்போஸ்தலர் நடபடிகள்' நூலில் சீமோனின் தொழில் மூன்று முறை குறிப்பிடப்படுகிறது. வாசகர் அதை மறந்துவிடக் கூடாது என்று எழுதியவர் நினைத்தார் போலும். அன்றைய யூத சமூகத்தில் அது நாற்றம் பிடித்த தொழில், மதிப்பில்லாத தொழில். தோல் பட்டறை ஊரைவிட்டு 50 முழமாவது தள்ளி இருக்க வேண்டும் என்று மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு விதித்தது.

ஞாயிறு வகுப்பில் இந்தப் பகுதி வரும்போது, பேதுரு கண்ட தரிசனம்தான் படமாகிறது: வானத்திலிருந்து இறங்கும் பெரிய விரிப்பு, அதில் விதவிதமான மிருகங்கள். வீட்டுக்காரரின் தொழில் பெரும்பாலும் பேச்சில் வருவதில்லை. வேறு ஊரில் இது சின்ன விஷயம். லேபர் கேம்பில் அப்படியல்ல.

தாராவியின் ஓரத்தில் இருக்கும் இந்தக் குடியிருப்பின் வரலாறு பெயரிலேயே இருக்கிறது. மராத்தி தலித் தொழிலாளர்களும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த தமிழர்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இடம். மராத்தி மக்கள் கலைஞர் அண்ணா பாவ் சாத்தே இங்கே குடியிருந்த காலத்தில், கேம்பின் கொசுத் தொல்லையைப் பற்றியே ஒரு பவாடா கட்டிப் பாடினார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து 'லால் பாவ்டா' கலைக்குழுவைத் தொடங்கினார். உழைப்பவனின் கதையை உழைப்பவனுக்கே சொல்வது இந்த மண்ணுக்குப் பழக்கமானது.

தோலும் அப்படித்தான். பம்பாய் நகரம் தன் ஓரத்துக்குத் தள்ளிய தொழில்களில் தோல் பதனிடுதலும் ஒன்று. தாராவியின் ஷெட்டுகளை நடத்தியதிலும் அவற்றில் உழைத்ததிலும் தமிழர் பங்கு பெரிது. 1971இல் பாந்த்ராவின் கசாப்புக்கூடம் தேவ்நாருக்கு மாறியது. பதனிடும் ஷெட்டுகளும் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. ஆனால் தோல் பை, பெல்ட் தைக்கும் பட்டறைகளும் கடைகளும் இன்னும் இருக்கின்றன. தாத்தா தோல் ஷெட்டில் நின்றவர் என்பதை வெளியே சொல்லக் கூசும் ஒரு பிள்ளைக்கு, தலைமைச் சீடரே அப்படி ஒருவர் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கினார் என்பது சாதாரணச் செய்தியல்ல. எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லாதே என்ற பாடத்தை பேதுரு கற்றதும் அந்த வீட்டின் மாடியில் தொடங்கியதுதான். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. சாதி மட்டும் விடுவதில்லை. அந்தப் பிள்ளைகள் இந்தக் கதையை முழுதாகக் கேட்க வேண்டியவர்கள்.

104 கதைகள்

பைபிளைப் பிள்ளைகளுக்கு அப்படியே யாரும் கொடுத்ததில்லை. எடுத்து, விட்டு, சுருக்கித்தான் கொடுத்தார்கள். 1714இல் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் யோஹான் ஹ்யூப்னர் பழைய ஏற்பாட்டிலிருந்து 52, புதிய ஏற்பாட்டிலிருந்து 52 என்று 104 கதைகளைத் தொகுத்தார். ஆண்டின் 52 வாரங்களோடு பொருந்தும் கணக்கு. ஒவ்வொரு கதைக்கும் கேள்விகள், ஒரு படிப்பினை, ஒரு சிறு பாட்டு. இன்றைய ஞாயிறு பள்ளிப் புத்தகங்களின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே.

ஞாயிறு பள்ளியே தொழிலாளர் பிள்ளைகளுக்காக வளர்ந்ததுதான். 1780இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, வந்தவர்கள் வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைக் குழந்தைகள். அவர்களுக்கு ஓய்வு ஞாயிறு மட்டுமே. எழுத்து கற்றதும் அங்கேதான்.

தேர்வு என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1807இல் லண்டனில் அச்சான ஒரு பைபிள் சாட்சி. மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்காக என்றே தயாரானது. பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய 90 சதவீதம் அதில் இல்லை. அடிமையாக விற்கப்பட்டும் எஜமானுக்கு உண்மையாக உழைத்த யோசேப்பின் கதை இருந்தது. அடிமைகளை மோசே எகிப்திலிருந்து அழைத்துக்கொண்டு வெளியேறிய கதை இல்லை. பொய் ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. எடுத்துவிட்டதே போதுமானதாக இருந்தது.

நாக்காவில் நிற்பவர்கள்

மும்பையில் தினக்கூலிகள் காலையில் நாக்காவில் போய் நிற்பார்கள். மேஸ்திரி வந்து ஆள் பொறுக்குவார். வெயில் ஏறியும் கூப்பிடாதவர்கள் வீடு திரும்புவார்கள். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமை இதேதான். தோட்டக்காரர் சந்தைக்குப் பல முறை போகிறார். மாலையிலும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்கிறார்கள். கடைசியில் வந்தவருக்கும் முழு நாள் கூலி கிடைக்கிறது. இதைக் கடவுளின் கிருபை என்ற ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அப்பா வெறுங்கையோடு திரும்பிய நாளை அறிந்த பிள்ளைக்கு, அந்த வீட்டிலும் அன்று அடுப்பு எரிந்திருக்கும் என்பதுதான் முதலில் புரியும். அங்கிருந்து கிருபைக்குப் போவது எளிது.

யாத்திராகமம் 5ஆம் அதிகாரமும் இப்படித்தான். செங்கலுக்கு வேண்டிய வைக்கோலை இனி நீங்களே தேடிக்கொள்ளுங்கள், ஆனால் கணக்கில் ஒரு கல் குறையக் கூடாது என்கிறான் பார்வோன். பீஸ் கணக்கில் வீட்டிலேயே வேலை செய்யும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. செங்கடல் பிளப்பதற்கு அவசரப்படும் ஆசிரியர்கள் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டம் இன்னொன்று. மாற்று நிலம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்று ராஜா கேட்கிறான். முன்னோர் சொத்து, தர மாட்டேன் என்கிறான் நாபோத். பொய்ச் சாட்சி சொல்லி அவனைக் கொல்கிறார்கள். சிறுவர் தொகுப்புகளில் தாவீதுக்கும் கோலியாத்துக்கும் கிடைக்கும் இடம் நாபோத்துக்குக் கிடைப்பதில்லை. 2022இல் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தில் அதானி குழுமம் தேர்வான பிறகு, 2000 ஜனவரி 1க்கு முந்தைய தரைத்தளவாசிகளுக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, மற்றவர்களுக்கு வெளியே என்பது அறிவிப்பு. எந்த வீட்டிலும் இதுதான் பேச்சு. வகுப்பை அரசியல் மேடையாக்குவது தவறு. யார் ராஜா, யார் நாபோத் என்று ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. வீடு என்பது விலை மட்டுமல்ல என்று பைபிளில் ஒருவன் சொன்னான் என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டால் போதும்.

வெள்ளம் வந்த ஊர்

பாலர் வகுப்பில் நோவாவின் பேழை என்றால் ஒட்டகச்சிவிங்கி தலை நீட்டும் அழகான படகு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரை மீறியது. அந்த ஆறு ஓடும் தாராவியில் வெள்ளம் என்பது பொம்மைப் படமல்ல. படகில் ஏறாத குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், கெட்டவர்கள் எல்லாம் அழிந்தார்கள் என்று முடித்துவிடுவது ஆபத்து. தன் வீட்டில் தண்ணீர் புகுந்ததற்கும் அதையே காரணமாகப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். இனி இப்படி அழிக்க மாட்டேன் என்று கடவுள் வானவில்லை வைத்து வாக்குக் கொடுப்பதுதான் கதையின் முடிவு. சிறு வயதினருக்கு அழுத்தம் அங்கே விழ வேண்டும்.

வயது பார்ப்பது அவசியம். ஆபிரகாம் மகனைப் பலியிடப் போனதும், எலிசாவைக் கேலி செய்த 42 பிள்ளைகளைக் கரடிகள் பீறியதும் ஆறு வயதுக்கானவை அல்ல. மறைக்க வேண்டாம், தள்ளிப் போடலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவர்களே இதைப் படித்துக் கேள்வி கேட்பார்கள். அப்போது கேள்வியை அடக்காத ஆசிரியர் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ரூத் பாட்டிக்ஹைமர் 1996இல் வெளியிட்ட நூல், சிறுவர் பைபிள்கள் காலத்துக்கும் சமூகத்துக்கும் ஏற்ப எப்படி மாற்றி எழுதப்பட்டன என்று காட்டுகிறது. மாறாத தொகுப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆகவே இங்கே ஓர் ஆசிரியர் தன் பட்டியலை மாற்றினால் அது புரட்சி அல்ல.

எந்தத் தமிழ்?

புராட்டஸ்டன்டு சபைகளில் இன்றும் ஒலிப்பது 1871இன் மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கிய எளிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது என்றாலும் ஆங்கில வழியை நாடும் பெற்றோர் பலர். வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் காட்டும் ஒரே இடம் ஞாயிறு வகுப்பாகவும் இருக்கலாம். முதலில் புத்தகத்தை மூடிவைத்து, வீட்டுப் பேச்சில் கதையைச் சொல்ல வேண்டும். பிறகு 1995இன் தமிழில் அதைப் படிக்கவைக்கலாம். பழைய தமிழின் ஓசை மனப்பாட வசனமாகப் போய்ச் சேரட்டும். வேத மாணவனும் ஆவான், தமிழ் வாசகனும் ஆவான்.

மே மாத விடுமுறை வகுப்பு என்றால் பாட்டும் பொம்மலாட்டமும் பார்க்க அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம், பௌத்தப் பிள்ளைகளும் வந்து உட்காருவது உண்டு. அவர்களுடைய வீட்டுச் சாமியை மட்டம் தட்டித்தான் ஒரு கதை எடுபடும் என்றால், அந்தக் கதை சரியாகச் சொல்லப்படவில்லை என்று அர்த்தம். பெற்றோருக்குத் தெரிந்தே அவர்கள் வர வேண்டும். காயம்பட்டவனைத் தூக்கிச் சென்ற சமாரியன் வேற்று மதத்தான் என்று ஒதுக்கப்பட்டவன்தான்.

கணக்கு எளிது. ஆண்டுக்கு 52 ஞாயிறு. பண்டிகை, பரீட்சை, ஊருக்குப் போகிற மே மாதம், தெருவில் தண்ணீர் நிற்கும் மழைக்காலம் எல்லாம் போக ஆசிரியர் கையில் மிஞ்சுவது முப்பதோ முப்பத்தைந்தோ கதைகள். அதில் நான்கையாவது தோல் பதனிடுபவனுக்கும் செங்கல் அறுப்பவனுக்கும் நாக்காவில் நிற்பவனுக்கும் நிலத்தை விட மறுத்தவனுக்கும் கொடுத்தால், தாவீது கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் ஆடு மேய்த்தவர்தான்.