ஆண்டிஸ் மலை ரீங்காரச்சிட்டுகளின் மிக நீண்ட அலகும் மிகக் குட்டை அலகும்

இடப்பக்கம் வாளலகு ரீங்காரச்சிட்டு. வலப்பக்கம் ஊதாமுதுகு முள்ளலகு ரீங்காரச்சிட்டு. வெனிசுவேலா, கொலம்பியா, ஈக்வடார், பெரு, பொலிவியா நாடுகளின் குளிர்ந்த மலைக்காடுகளே இரண்டுக்கும் வீடு.

வாளலகின் அலகை மட்டும் சற்று நின்று பாருங்கள். சுமார் 10 செ.மீ. வரை வளரும். வாலை நீக்கிவிட்டால், உடலைவிட அலகு நீளமாக உள்ள பறவை உலகில் இது ஒன்றுதான். ஆண்டிஸின் தாட்பூ வகை ஒன்று நீண்ட குழாயின் அடியில் தேனை வைத்திருக்கிறது. அங்கே எட்டும் பறவை இதுவே. தேனுக்காக முகத்தைப் பூவுக்குள் நுழைக்கும்போது மகரந்தம் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். அந்தக் கொடி காய்ப்பதே பெரும்பாலும் இப்பறவையால்தான். இவ்வளவு நீண்ட அலகால் தன் இறகைக் கோத முடியாது. அந்த வேலையைக் கால் நகங்களே செய்கின்றன. கிளையில் அமரும்போது பாரம் கழுத்தை இழுக்காதபடி அலகை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்திருக்கும்.

முள்ளலகின் அலகோ சுமார் அரை செ.மீ.தான், ரீங்காரச்சிட்டுகளிலேயே மிகக் குட்டையானது. குழாய்ப் பூக்களில் எட்டாத தேனை, பூத்துளைப்பான் குருவிகள் பூவின் அடியில் போட்டுவிட்டுப் போன ஓட்டை வழியே உறிஞ்சும். மகரந்தத்தைத் தொடாமலே தேன் கிடைத்துவிடுவதால் பூவுக்கு இதனால் ஆதாயம் குறைவு. சிறு பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். முதுகின் ஊதா மினுக்கம் ஆணுக்கு உரியது. பெண்ணின் முதுகு பச்சை.