வானொலியில் இரைச்சலா?

1999ஆம் ஆண்டு அக்டோபர் 29. ஒடிசா கடற்கரையைப் பெரும் புயல் தாக்கியது. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். மின்சாரம் இல்லை. தொலைபேசியும் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் பேட்டரியில் பாடும் வானொலிதான் துணை.

ஆனால் புயல் செய்தி சொல்லும்போது வானொலி ‘கர்ர்ர்’ என்று இரைந்தால்?

பெட்டியைத் தட்டாதீர்கள். பெரும்பாலும் கோளாறு பெட்டியில் இருக்காது. மின்னல் வெட்டும்போது வானொலியில் ‘படபட’ என்று கேட்கிறது அல்லவா? மின்சாரம் பொறி விடும் இடத்திலும் அப்படித்தான். அந்தப் பொறியிலிருந்து அலைகள் கிளம்புகின்றன. வானொலி அவற்றையும் பிடித்துவிடுகிறது. மத்திய அலையில் இந்தத் தொல்லை அதிகம். பண்பலையில் குறைவு.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? கண்டுபிடிக்கப் பெரிய செலவு இல்லை. இரண்டு பேட்டரி போதும்.

வானொலியைப் பேட்டரியில் போடுங்கள். மத்திய அலையில், நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் முள்ளை வையுங்கள். சத்தத்தைக் கூட்டுங்கள். இப்போது வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். இரைச்சல் நின்றதா? அப்படியானால் திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான்!

மீண்டும் மெயினைப் போடுங்கள். விளக்கு, மின்விசிறி, செல்பேசி சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் இரைச்சல் நிற்கிறதோ, அதுதான் காரணம். மலிவான எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் பல வீடுகளில் இந்த வேலையைச் செய்கின்றன. செய்தி கேட்கும்போது சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள். பல்பை மாற்றுங்கள். அல்லது வானொலியை நாலைந்து அடி தள்ளி வையுங்கள். பெட்டியை மெல்லத் திருப்பியும் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பினால் இரைச்சல் குறையும்.

ஒரு சுவிட்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மட்டும் சடசடவென்று பொரிகிறதா? கவனம்! உள்ளே கம்பி தளர்ந்து பொறி விடலாம். அந்த இடம் சூடாகும். தீயும் பிடிக்கும். மெயினை அணைத்துவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம்.

மெயினை அணைத்த பிறகும் இரைச்சல் நிற்கவில்லையா? வானொலியோடு தெருவில் நடந்து பாருங்கள். கடிகாரம் போல ‘டிக், டிக்’ என்று விட்டுவிட்டுக் கேட்டால் வயலில் போட்ட மின்வேலியாக இருக்கலாம். மின்கம்பத்தின் அருகில் இரைச்சல் கூடினால் கம்பத்தைத் தொடாதீர்கள். கம்பத்தில் எழுதியுள்ள எண்ணைக் குறித்து மின்சார அலுவலகத்தில் சொல்லுங்கள்.