"என்னை விசாரிக்க இந்த கோர்ட்டுக்கு அதிகாரமே இல்ல!" - சிறப்பு நீதிமன்றங்களுக்கு எதிரான வழக்குகள் சொல்வது என்ன?

போக்சோ, என்.ஐ.ஏ, சட்டவிரோதப் பணப்பரிமாற்றம், எம்.பி - எம்.எல்.ஏ வழக்குகள் என ஒவ்வொன்றுக்கும் சிறப்பு நீதிமன்றம் இருக்கு. அங்கு நிறுத்தப்படும் சிலர், "நான் குற்றம் செய்யல" என்பதற்கு முன்பே, "இந்த கோர்ட் என்னை விசாரிக்கவே முடியாது" என்கிறார்கள். இது வெறும் இழுத்தடிப்பா? சில நேரம் அப்படித்தான். ஆனா, இந்த ஒரே வாதத்தால் தண்டனையே ரத்தான வரலாறும் இருக்கு.

50 பேரின் தண்டனை ரத்து

மேற்கு வங்கத்தில் டம்டம் ஜெசாப் தொழிற்சாலை தாக்குதல் வழக்கில், அன்வர் அலி சர்க்கார் உள்ளிட்ட 50 பேருக்கு சிறப்பு நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. எந்த வழக்கை அங்கு அனுப்பலாம் என்பதை 1950-ம் ஆண்டு சட்டம் மாநில அரசின் இஷ்டத்துக்கே விட்டிருந்தது. அங்கு போனால் ஜூரி கிடையாது. முன்கூட்டியே நடக்கும் மாஜிஸ்திரேட் விசாரணையும் கிடையாது.

அதாவது, ஒரே மாதிரி குற்றம் செய்த இருவரில் ஒருவருக்கு மட்டும் பாதுகாப்பு குறையலாம். இது சமத்துவத்தைச் சொல்லும் 14-வது பிரிவுக்கு எதிரானது என 1952 ஜனவரி 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 50 பேரும் விடுதலையா என்றால், இல்ல. முறையான நீதிமன்றத்தில் மறுவிசாரணை என்பதுதான் முடிவு.

அடுத்த மாதமே வேறு தீர்ப்பு

சௌராஷ்டிராவின் சிறப்பு நீதிமன்றத்தை எதிர்த்து கத்தி ரானிங் ராவத் தொடர்ந்த வழக்கில், பிப்ரவரியில் அரசுக்கு வெற்றி. கொலை, கொள்ளை அதிகமான பகுதிகள், குறிப்பிட்ட குற்றங்கள் என அரசு காரணம் காட்டியதை 4:3 பெரும்பான்மை ஏற்றது. சிறப்பு நீதிமன்றம் அமைப்பது தப்பில்ல, யாரை அனுப்புவது என்பதற்கு நியாயமான அளவுகோல் வேணும் என்பதே இதன் சாரம்.

உச்ச நீதிமன்றமே திருத்திக்கொண்ட தவறு

மகாராஷ்டிரா முன்னாள் முதல்வர் ஏ.ஆர்.அந்துலே மீதான ஊழல் வழக்கை, 1984-ல் உச்ச நீதிமன்றமே சிறப்பு நீதிபதியிடமிருந்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. பெரிய கோர்ட்தானே, நல்லதுதானே எனத் தோன்றலாம். ஆனா, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் ஒரு வாய்ப்பை அவர் இழந்தார். சட்டப்படி அந்த வழக்கை விசாரிக்க வேண்டியவர் சிறப்பு நீதிபதி மட்டும்தான். 1988-ல் 7 நீதிபதிகள் அமர்வு, 5:2 என்ற கணக்கில் பழைய உத்தரவைத் திரும்பப் பெற்றது.

2021-ல் எம்.பி - எம்.எல்.ஏ வழக்குகளிலும் இதே பிரச்னை வந்தது. மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டிய வழக்குகளை மாஜிஸ்திரேட் நிலை சிறப்பு நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எப்போது கேட்கணும்?

ஆட்சேபம் இருந்தால் ஆரம்பத்திலேயே சொல்வது நல்லது. தீர்ப்பு வந்த பிறகு, வெறும் நடைமுறைப் பிழையைக் காட்டி தப்ப முடியாது. அதனால் அநீதி நடந்ததா என்பதையும் மேல் நீதிமன்றம் பார்க்கும்.

எந்த வழக்கு எந்த கோர்ட்டுக்குப் போகணும் என்பதை முடிவு செய்ய வேண்டியது சட்டம். அரசோ நீதிபதியோ தங்கள் விருப்பப்படி மாற்ற முடியாது.