ஏஐ-யிடம் ஆப் கேட்கிறீர்களா? முதலில் தொழில் விவரத்தைச் சொல்லுங்கள்

தென்காசி வட்டாரத்துக்கு மென்பொருள் புதிதல்ல. இங்குள்ள மேலகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. கோடிங் தெரியாதவரும் சொந்தமாக ஆப் செய்யலாம் என்பதுதான் புதிது. கர்சர், லவபிள், ரெப்ளிட் போன்ற கருவிகளிடம் வேண்டியதைச் சொன்னால் அவையே கோட் எழுதித் தருகின்றன. இந்த முறைக்கு 2025 பிப்ரவரியில் 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தவர் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதி. நாம் எழுதிக்கொடுக்கும் குறிப்புதான் 'பிராம்ப்ட்'. அதைத் தமிழிலும் எழுதலாம்.

எங்கே சறுக்குகிறது?

மேலகரத்தில் லாட்ஜ் நடத்தும் ஒருவர், 'ரூம் புக்கிங் ஆப் செய்து கொடு' என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். பார்க்க அழகாக ஒன்று வந்துவிடும். ஆனால், சாரல் சீசனில் வாடகை ஏறும் என்பதோ, குற்றால அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் புக்கிங் மளமளவென்று ரத்தாகும் என்பதோ அதில் இருக்காது. நாம் சொல்லாமல் விட்டதைக் கருவி தன் ஊகத்தால் நிரப்பிவிடும்.

எப்படிக் கேட்பது?

அதே லாட்ஜ்காரர் இப்படிக் கேட்கலாம்: 'ரூம் புக்கிங் ஆப் வேண்டும். லாட்ஜில் 12 அறைகள். ரிசப்ஷன் ஊழியர் செல்போனில் பயன்படுத்துவார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தனி வாடகை. ஒரே அறையை ஒரே தேதிக்கு இருவருக்குக் கொடுக்கக் கூடாது. குளிக்கத் தடை வந்தால் அட்வான்ஸை வைத்துக்கொண்டு வேறு தேதி தர வேண்டும். கோட் எழுதும் முன் திட்டத்தைச் சொல். சந்தேகம் இருந்தால் என்னிடம் கேள்.'

இதில் கடினமான தொழில்நுட்பச் சொல் ஒன்றுகூட இல்லை. யாருக்கு, எதற்கு, எது கூடாது, சிக்கல் வந்தால் என்ன செய்வது என்பவை மட்டுமே இருக்கின்றன.

பிறகு ஒவ்வொரு வசதியாகக் கேளுங்கள். ஒன்று சரியாக ஓடிய பிறகே அடுத்தது. பிழை வந்தால் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பட்டனை அழுத்தினீர்கள், திரையில் என்ன வந்தது என்பதை அப்படியே கொடுங்கள்.

பிராம்ப்ட் மட்டும் போதுமா?

போதாது. 2025 ஜூலையில் அமெரிக்க முதலீட்டாளர் ஜேசன் லெம்கின், எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும், ரெப்ளிட்டின் ஏஐ அவருடைய டேட்டாபேஸை அழித்துவிட்டது. அந்நிறுவனத்தின் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆகவே, போலித் தகவல்களை வைத்துச் சோதியுங்கள். பேக்கப் எடுத்து வையுங்கள். பணமும் வாடிக்கையாளர் விவரமும் புழங்கும் ஆப் என்றால், வெளியிடும் முன் அனுபவமுள்ள புரோகிராமர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கோட் எழுதக் கருவி இருக்கிறது. உங்கள் தொழிலின் நெளிவுசுளிவு தெரிந்தவர் நீங்கள்தான். கருவியைத் திறக்கும் முன் அதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.