தீம் பார்க் போகிறீர்களா? முதலில் காலண்டரைப் பாருங்கள்

சென்னையை அடுத்த திருப்போரூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறக்கப்பட்டதிலிருந்து, வடதமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு பெரிய தீம் பார்க் பகல் பயண தூரத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு முன் இதே நிறுவனத்தின் பூங்காவைப் பார்க்க வேண்டுமென்றால் 2000இல் தொடங்கிய கொச்சிக்கோ 2005இல் தொடங்கிய பெங்களூருக்கோ போய், ஓர் இரவாவது தங்கித் திரும்ப வேண்டியிருந்தது. தூரம் குறைந்ததும் திட்டமிடுவதும் குறைந்துவிட்டது. 'ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினால் போதும்' என்கிறோம். எந்தப் பூங்கா நல்லது, எந்த ராட்டினம் பெரியது, ஆன்லைனில் எவ்வளவு தள்ளுபடி என்பதையெல்லாம் அலசுகிற நாம், என்றைக்குப் போவது என்பதை மட்டும் யோசிக்காமலே முடிவு செய்துவிடுகிறோம். உண்மையில் கொடுத்த காசுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த நாள்தான். பூங்காவின் பெயருக்கு அதில் உள்ள பங்கு சிறியது.

காரணம், இருக்கைகள். ஒரு ரோலர் கோஸ்டர் மணிக்கு எத்தனை பேரை ஏற்றும் என்பது அதன் வேகத்தைப் பொறுத்ததல்ல; ஏறி இறங்கும் மேடையில் ஆகும் நேரத்தைப் பொறுத்தது. திருப்போரூரில் உள்ள தஞ்சோரா போன்ற ராட்டினங்களில் கால்கள் அந்தரத்தில் தொங்கும். ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்ற வேண்டும். மூக்குக் கண்ணாடி, செல்போன், சாவிக்கொத்து எல்லாம் வெளியே இருக்க வேண்டும். தோள்மேல் இறங்கும் பட்டையை ஊழியர் ஒவ்வொரு இருக்கையாக அழுத்திப் பார்ப்பார். கடைசி வரிசையில் ஒருவர் சட்டைப்பையில் செல்போனோடு உட்கார்ந்திருந்தால், அது வெளியே போகும்வரை மொத்த வண்டியும் நிற்கும். இந்த நிதானம் பாதுகாப்புக்கு அவசியம். யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. உதாரணத்துக்கு, 20 இருக்கைகள் கொண்ட ஒரே வண்டி, ஏற்றி ஓட்டி இறக்க 4 நிமிடம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 சுற்று, 300 பேர். 7 மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் 2,100 பேர்தான். அன்று 6,000 பேர் வந்திருந்தால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அதில் ஒருமுறைகூட இடமில்லை. 1,500 பேர் வந்த நாளில் எல்லோரும் ஏறியபின் மறுபடி ஏறவும் இடம் மிஞ்சும். இரண்டு நாளும் டிக்கெட் இருக்கிறது, ராட்டினம் இருக்கிறது. இருக்கையில் நமக்கு வரும் பங்குதான் வேறு.

இதை ஒரு குடும்பத்தின் நாளோடு பொருத்திப் பார்க்கலாம். பூங்கா திறந்திருக்கும் 7 மணி நேரம் 420 நிமிடம். லாக்கர், உடை மாற்றுவது, சாப்பாடு, நடை என்று 2 மணி நேரம் போய்விடும். மிச்சம் 300 நிமிடம். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் சராசரியாக 40 நிமிடம் காத்திருந்து 5 நிமிடம் செலவிட்டால், ஆறு ராட்டினத்தோடு நாள் முடிகிறது. காத்திருப்பு 10 நிமிடமாகக் குறைந்தால் 20 ஏறலாம். டிக்கெட் 1,500 ரூபாய் என்று கொண்டால், முதல் நாளில் ஒரு ராட்டினத்துக்கு 250 ரூபாய். இரண்டாவது நாளில் 75 ரூபாய். 10 சதவீதமோ 20 சதவீதமோ தள்ளுபடி கிடைத்ததென்று மகிழ்வதைவிட, இந்த வித்தியாசத்தைத் துரத்துவதுதான் கணக்கு தெரிந்தவர் செய்யும் காரியம்.

அப்படியானால் எந்த நாள்? மே மாதம் முழுக்கக் கூட்டம். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள், பொங்கலையொட்டிய நாட்கள், நீண்ட வார இறுதிகள் எல்லாமே அப்படித்தான். பள்ளிகள் திறந்தபின் வரும் ஜூன் கடைசியும் ஜூலையும் நல்ல காலம்: வெயில் இருக்கும், தண்ணீர் விளையாட்டுக்கு ஏற்ற சூடு இருக்கும், விடுமுறைக் கூட்டம் கலைந்திருக்கும். வாரத்தின் நடுவில் வரும் செவ்வாய், புதன் அதிலும் நல்லது. சென்னைப் பக்கத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழையோ இடியோ வந்தால் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். அப்போது கூட்டம் குறைவு என்று போய், ராட்டினமும் ஓடாமல் திரும்பினால் சிக்கனம் என்ன ஆயிற்று? ஆகவே அந்த மாதங்களில் முன்கூட்டியே டிக்கெட் எடுப்பவர்கள், மழைக்குத் தேதி மாற்றித் தருவார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். வேலைநாளில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வரிசையாக நிற்குமே என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கலைந்துவிடும். ஊர் திரும்ப அவர்களுக்கு நேரக் கட்டாயம் இருக்கிறது. கடைசி ஒன்றரை மணி நேரம் மற்றவர்களுக்குத்தான். இரண்டாவது, கூட்டம் குறைந்தால் பூங்காவும் வண்டிகளைக் குறைத்து ஓட்டாதா என்பது. குறைக்கலாம், இரண்டு வண்டி ஓடும் இடத்தில் ஒன்று ஓடினால் நம் லாபத்தில் ஒரு பகுதி கரையும். ஆனாலும் கூட்டம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும்போது வண்டி பாதியாகத்தான் சுருங்குகிறது. வரிசை அப்போதும் சிறியதுதான். மூன்றாவதுதான் கனமான மறுப்பு: ஞாயிறு தவிர லீவே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்க முடியாதவருக்குப் புதன்கிழமையைப் பரிந்துரைப்பது நியாயமில்லை. அவர்களுக்கு மிச்சமிருப்பது நாளைத் தேர்வது அல்ல, நேரத்தைத் தேர்வது. கதவு திறக்கும்போது வாசலில் இருப்பவர்களுக்கு, ஞாயிறன்றும் முதல் ஒரு மணி நேரம் வேலைநாள் போலத்தான் இருக்கும்.

கூடுதல் பணம் கட்டி முன்னால் போகும் 'ஃபாஸ்ட் டிராக்' டிக்கெட் இருக்கும்போது இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த டிக்கெட் புதிதாக ஓர் இருக்கையைக்கூட உருவாக்குவதில்லை. அதே 300 இருக்கைகளில் முன்னுரிமையை விற்கிறது. ஒருவர் முந்தினால் பொது வரிசையில் நிற்பவர் அந்த அளவுக்குப் பிந்துகிறார். கூட்டமில்லாத நாளில் அதை வாங்குவது வீண். கூட்டமான நாளில் பயன் உண்டு, ஆனால் நான்கு பேர் குடும்பத்துக்கு அந்தக் கூடுதல் தொகையைப் போட்டுப் பாருங்கள்; பலருக்கு அது ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகமாக வரும். ஒரு நாள் லீவு போட்டு வேலைநாளில் போவதுதான் மலிவு. வெளியூரிலிருந்து ஒரே நாளுக்காக வருகிறவர்களுக்கும், தேதியை மாற்றவே முடியாதவர்களுக்கும் மட்டும் அது பொருத்தமானது.

உள்ளே போனபின் வரிசைமுறை முக்கியம். எல்லோரும் கேள்விப்பட்ட பெரிய ராட்டினத்தில்தான் மதியம் நீண்ட வரிசை நிற்கும். ஆகவே அதை முதலில் முடிக்க வேண்டும். தண்ணீர் விளையாட்டுகளைப் பல பூங்காக்கள் நண்பகலையொட்டித் திறந்து மாலையில் மூடிவிடுகின்றன. திறந்தவுடன் கூட்டம் மொத்தமாக அங்கே பாயும். அந்த நேரத்தில் இந்தப் பக்கம் உலர்ந்த ராட்டினங்கள் காலியாக இருக்கும். சாப்பாட்டையும் 12 மணிக்கோ இரண்டரைக்கோ வைத்துக்கொண்டால், ஒன்றரை மணிக் கூட்டத்தில் தட்டைப் பிடித்து நிற்க வேண்டாம். வெளிச் சாப்பாட்டை அனுமதிப்பதில்லை என்பதால், கைக்குழந்தை உணவு பற்றிய விதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்க நைலான் அல்லது பாலியெஸ்டர் உடை கேட்பார்கள். பருத்தி வேட்டி, சேலை, சுடிதாருக்கு அனுமதி இல்லை. வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் வாடகைச் செலவும் இல்லை, உடை வாங்க ஒரு வரிசையும் இல்லை. எந்த வரிசையில் நிற்பது என்று தயங்கினால், முன்னால் நிற்பவர்களை எண்ணி, ஒரு சுற்றுக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 120 பேர் முன்னால், ஒரு சுற்றுக்கு 20 பேர், 4 நிமிடம் என்றால் 24 நிமிடம். நிற்பதா, நகர்வதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, பிள்ளையின் உயரத்தை அளப்பது. வொண்டர்லா போன்ற பூங்காக்களில் சிறுவர் டிக்கெட்டே வயதை வைத்தல்ல, உயரத்தை வைத்துத்தான். பெரிய ராட்டினங்களுக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. பலவற்றில் அது 140 சென்டிமீட்டர். 138 சென்டிமீட்டர் பிள்ளைக்குப் பெரிய ஆசையைக் காட்டி அழைத்துப் போய், அளவுகோலுக்கு முன் நிறுத்தி அழவைக்க வேண்டாம். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், முதுகுவலி உள்ளவர்கள் எவற்றில் ஏறக் கூடாது என்பதும் பலகையில் இருக்கும். அதை மீறிக் கெஞ்சுவது ஊழியரைச் சங்கடப்படுத்தும், உயிருக்கும் ஆபத்து. 2012இல் சென்னை அருகே ஒரு பூங்காவில் ராட்டினத்திலிருந்து விழுந்து இளம்பெண் ஒருவர் இறந்தார். 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பூங்காவில் ராட்டினம் பழுதாகி, அதில் இருந்தவர்கள் மணிக்கணக்கில் உயரத்தில் தவித்து, தீயணைப்புத் துறையினரால் இறக்கப்பட்டார்கள். சோதனை நடக்கிறது என்று ஒரு ராட்டினம் நிறுத்தப்பட்டால் முணுமுணுக்காமல் அடுத்ததற்குப் போவதே அறிவு.

இவ்வளவு திட்டம் போட்டால் சந்தோஷம் எங்கே மிஞ்சும் என்பது கடைசிக் கேள்வி. திட்டத்தில் நிமிடத்துக்கு நிமிடம் அட்டவணை வேண்டியதில்லை. நாள், வந்துசேரும் நேரம், முதல் மூன்று ராட்டினங்கள், உடை, உயரம் ஆகிய ஐந்தும் போதும். மீதியைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். பூங்காவால் ஒரே நாளில் இருக்கைகளைக் கூட்டிவிட முடியாது. நம்மால் தேதியை மாற்ற முடியும். முடிந்தவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் விட்டுக்கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை வரிசையில், அந்த ஒரே நாள் மட்டும் லீவு கிடைக்கும் இன்னொரு குடும்பத்துக்கு இடம் கிடைக்கும்.