ஓசையை ஓசையால் அடக்கலாமா?

திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் வேடசந்தூர் செல்லும் பேருந்து ஒன்றில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால், என்ஜின் மூடியை ஒட்டிய இருக்கையில் உட்காருங்கள். வண்டி நகர்ந்ததும் 'உம்ம்ம்' என்று ஓர் உறுமல் காலடியிலிருந்து கிளம்பி உடம்பெல்லாம் பரவும். அதன் அதிர்வெண் என்ன? கருவி எதுவும் வேண்டாம்; தாளும் பென்சிலும் போதும். நான்கு வீச்சு டீசல் என்ஜினில் கிராங்குத் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒருமுறை எரிதல் நிகழ்கிறது. ஆறு சிலிண்டர் என்றால் சுற்றுக்கு மூன்று எரிதல்கள். நிமிடத்துக்கு 2000 சுற்று என்று கொண்டால் வினாடிக்கு 100 எரிதல்கள். ஆக, உறுமலின் அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ்.

இந்த உறுமலுக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டுமே! என்ன செய்கிறோம்? பாட்டின் ஒலியளவை ஏற்றுகிறோம். பேருந்தின் இரைச்சல் 80 டெசிபல் என்றால் பாட்டு 90 டெசிபலுக்குப் போய்விடுகிறது. அதைத் தவிர்க்கத்தான் இப்போது 'இரைச்சல் நீக்கும்' கம்பியில்லா இயர்பட்கள் கடைகளில் குவிந்திருக்கின்றன. ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் விற்ற காலம் போய், ஆயிரத்து ஐநூறு ரூபாயை ஒட்டியே கிடைக்கின்றன. பொதுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் இதைத்தான் வாங்கித் தர வேண்டும் என்று வீட்டில் பேரம் பேசியிருப்பவர்கள் உங்களில் எத்தனை பேர்?

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மணிக்கூண்டுப் பக்கம் ஒரு கடையில் 899 ரூபாய்க்கு ஓர் இயர்பட் வாங்கினேன். பெட்டியின் மேல் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பேருந்தில் ஏறி மாட்டிக்கொண்டேன். உறுமல் அப்படியே கேட்டது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், மூலையில் சிறு எழுத்தில் 'ஈ.என்.சி.' என்று இருக்கிறது. கல்லூரியில் ஒலியியல் நடத்துகிறவனே இப்படி ஏமாந்தால் மற்றவர்கள் எம்மாத்திரம்!

ஈ.என்.சி. வேறு, ஏ.என்.சி. வேறு. நீங்கள் தொலைபேசியில் பேசும்போது உங்கள் குரலோடு கலந்து போகும் சந்தை இரைச்சலை வடிகட்டி அனுப்புவது ஈ.என்.சி. அதனால் பயன்பெறுகிறவர் மறுமுனையில் இருப்பவரே. உங்கள் காதுக்குள் வரும் இரைச்சலைக் குறைப்பது ஏ.என்.சி. மட்டும்தான். பெட்டியில் இந்த மூன்றெழுத்துகள் இல்லாவிட்டால், மற்ற எந்தச் சொல்லையும் நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள்.

சரி, ஏ.என்.சி. எவ்வாறு வேலை செய்கிறது?

ஒலி என்பது காற்றில் ஓடும் நெருக்கங்களும் நெகிழ்வுகளும் என்று படித்திருக்கிறீர்கள். ஒரு நெருக்கம் வந்து சேரும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே அளவுள்ள நெகிழ்வு ஒன்றை நாம் உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். பாடப் புத்தகத்தில் 'அழிவுக் குறுக்கீட்டு விளைவு' என்று வருகிறதே, அதுதான் இது. இதை இரைச்சலை அடக்கப் பயன்படுத்தலாம் என்று ஜெர்மானிய விஞ்ஞானி பால் லூக் 1933-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1936-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அவருடைய யோசனை எளிமையானது. ஒரு குழாயின் வழியே இரைச்சல் வருகிறது. வழியில் ஒரு மைக் அதைக் கேட்கிறது. சற்றுத் தள்ளி ஓர் ஒலிபெருக்கி அதன் தலைகீழ் வடிவத்தை எழுப்புகிறது. கம்பியில் செல்லும் மின்குறிப்பு, காற்றில் செல்லும் ஒலியை முந்திவிடும் அல்லவா? அந்த அவகாசம்தான் இந்தத் தந்திரத்தின் மூலதனம். ஆனால் அன்றைய வால்வுக் கருவிகளைக் கொண்டு அதை நடைமுறைக்குக் கொண்டுவர முடியவில்லை.

1978-இல் அமர் போஸ் என்ற பேராசிரியர் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டுக் கேட்க முயன்றார். என்ஜின் இரைச்சல் பாட்டை விழுங்கிவிட்டது. அங்கேயே, இருக்கையிலேயே, கணக்குப் போடத் தொடங்கிவிட்டாராம். இவருடைய தந்தை வங்காளத்து விடுதலைப் போராட்ட வீரர்; ஆங்கில அரசின் கெடுபிடியிலிருந்து தப்பி அமெரிக்கா சென்றவர். போஸின் கணக்கு விற்பனைப் பொருளாக 11 ஆண்டுகள் பிடித்தன. 1986-இல் வழியில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல், ஒன்பது நாள்களில் உலகைச் சுற்றிய 'வாயேஜர்' விமானத்தின் இரு விமானிகளும் அதன் மாதிரிக் கருவியை அணிந்திருந்தனர். 1989-இல் விமானிகளுக்கான ஹெட்போன் விற்பனைக்கு வந்தது. அன்று பெரிய ஹெட்போனுக்குள் அடங்கியிருந்த வேலையை இன்று புளியங்கொட்டை அளவுள்ள கருவி செய்கிறது.

இங்கே ஒரு கணக்கு, பொறுமையாகப் பின்தொடருங்கள். கோடை நாளில் நம் ஊர்க் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 350 மீட்டர். இரைச்சலின் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காக (அதாவது 20 டெசிபல்) குறைக்க வேண்டுமானால், எதிர் ஒலி கட்டத்தில் சுமார் 6 பாகைக்கு மேல் பிசகக் கூடாது. முழு அலை 360 பாகை. ஆகவே அலைநீளத்தில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்குதான் நமக்கு அனுமதிக்கப்பட்ட பிழை. பேருந்தின் 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு அலைநீளம் மூன்றரை மீட்டர். அதில் அறுபதில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர். தாராளம்! 1000 ஹெர்ட்ஸுக்கு அது 6 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. 3000 ஹெர்ட்ஸுக்கு வெறும் 2 மில்லிமீட்டர். காதுத் துவாரத்துக்குள் இயர்பட் சற்று நகர்ந்தாலே கணக்குத் தவறிவிடும். பிழை 60 பாகையைத் தாண்டினால் இன்னும் வேடிக்கை: இரைச்சல் குறைவதற்குப் பதில் கூடிவிடும்.

ஏ.என்.சி. இயர்பட்கள் உறுமலை அடக்கும், ஆனால் குழந்தையின் அழுகையையும் திடீரென்று வீறிடும் ஹாரனையும் அடக்காது என்பதன் காரணம் இதுவே. உயர்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் வேலை, முனையில் மாட்டியிருக்கும் சிலிக்கோன் மூடியுடையது. அது வெறும் அடைப்பான்தான். ஆனால் அது சரியாகப் பொருந்தாவிட்டால் இரண்டு வேலையும் கெடும். பெட்டிக்குள் மூன்று அளவுகளில் மூடிகள் வைத்திருப்பார்கள். பெரும்பாலோர் முதலில் மாட்டியிருப்பதை மாற்றிப் பார்ப்பதே இல்லை. என் வலது காதுக்கும் இடது காதுக்குமே வெவ்வேறு அளவு தேவைப்பட்டது.

'ஆற்றல் அழியாதே, அந்த ஒலி எங்கே போயிற்று?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளும்போது, உள்ளே இருப்பவர் அதே கணத்தில் பின்வாங்கினால் அவர்மேல் அழுத்தம் விழுமா? இயர்பட்டின் சவ்வும் அதைத்தான் செய்கிறது. காற்று உள்ளே நெருக்கும்போது சவ்வு பின்வாங்கி இடம் கொடுக்கிறது. அதனால் செவிப்பறைக்கு முன்னால் அழுத்தம் ஏறுவதில்லை. உள்ளே வரவேண்டிய ஆற்றல் வரவில்லை, அவ்வளவே.

இன்னொன்று. தொலைபேசியிலிருந்து பாட்டு வரும் புளூடூத் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் 79 தடங்களுக்கிடையே வினாடிக்கு 1600 முறை வரை தாவித் தாவி வருகிறது. இதில் பத்தில் ஒன்றிரண்டு வினாடி தாமதம் ஏற்படுவது சகஜம். இந்தத் தாமதத்தோடு எதிர் ஒலி உண்டாக்க முடியுமா? முடியாது. ஆகவே ஏ.என்.சி. முழுவதும் இயர்பட்டுக்குள்ளேயே நடக்கிறது. தொலைபேசிக்கு அதில் வேலையில்லை. பாட்டே போடாமலும் அது இயங்கும்.

கடையில் சோதிப்பதற்கு இது வசதியாகப் போயிற்று. ஓடும் மின்விசிறிக்குக் கீழே நில்லுங்கள். பாட்டுப் போடாமல், இயர்பட்டை இறுக்கமாக மாட்டி, ஏ.என்.சி.யை முடுக்கியும் அணைத்தும் பாருங்கள். விசிறியின் அடித்தொனி 'பொசுக்'கென்று அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். '32 டெசிபல் வரை' என்று எழுதியிருப்பார்கள். அதில் கவனிக்க வேண்டிய சொல் 'வரை'. ஏதோ ஓர் அதிர்வெண்ணில் அதிகபட்சமாகக் கிடைத்த எண் அது. வெளியே ஒரு மைக், உள்ளே செவிப்பறையை நோக்கி ஒரு மைக் என இரண்டும் உள்ளவை 'ஹைபிரிட்' எனப்படும். விலை சற்றே கூடினாலும் அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. உள் மைக் தன் தவற்றைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்கிறது. மின்கலம் எத்தனை மணி நேரம் என்று கேட்கும்போது, ஏ.என்.சி. இயங்கும் நிலையில் எத்தனை என்று கேளுங்கள். விற்பவர் சொல்வது பெரும்பாலும் அது இயங்காத நிலைக் கணக்காக இருக்கும். வியர்வைக்கும் சாரலுக்கும் 'ஐ.பி.எக்ஸ்.4' போதும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கிப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைச் சரிபார்க்கலாம்.

ஒரு வருத்தமும் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டைக் கழற்றி, நெம்புகோலை மாற்றி, மறுபடி மாட்டிவிடலாம். இயர்பட்டின் மின்கலமோ சில நூறு முறை மின்னேற்றிய பிறகு சோர்ந்துவிடும். ஒட்டி மூடிய கூடு என்பதால் மாற்ற வழியில்லை. எனவே எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அது இரண்டு மூன்று ஆண்டுச் சொத்து என்றே கணக்கு வையுங்கள்.

இனி காதின் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்றும், சிறுவர்களுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் என்றும் எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் ஒலியாற்றல் இரட்டிப்பதால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 90 டெசிபல் பேருந்துப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 75-லிருந்து 15 டெசிபல் கூடுதல். ஐந்து முறை பாதி. 40-ஐ 32-ஆல் வகுத்தால் ஒன்றேகால் மணி நேரம். நாளைக்கு இருவழியும் சேர்த்து ஒரு மணி நேரம் பயணம் செய்யும் மாணவனின் ஒரு வாரப் பங்கு, திங்கட்கிழமை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை காலையில் தீர்ந்துவிடுகிறது! உட்செவியிலுள்ள சுமார் 15,000 மயிர்ச் செல்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஏ.என்.சி. உறுமலைக் குறைப்பதால் பாட்டை 75-க்கே இறக்கிக்கொள்ளலாம்; அதன் உண்மையான பயன் அதுதான். உறுமலையும் குறைத்து, பாட்டையும் பழையபடி ஏற்றி வைத்தால் வாங்கியும் பயனில்லை. சாலையில் நடக்கும்போதும், முக்கியமாக ரயில் பாதை அருகிலும், இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலை செய்பவரின் மகன், பிளஸ் ஒன் மாணவன், என்னிடம் வந்து கேட்டான்: "சார், அப்பா நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா டி.வி. சத்தத்தை ரொம்ப ஏத்தி வைக்கிறாரு. ரிங் பிரேமுல கதிரு நிமிஷத்துக்கு 18,000 சுத்துங்கிறாங்க. அப்போ 300 ஹெர்ட்ஸ்தானே? ஏ.என்.சி. அதை அடக்கிடுமே, அதையே அவருக்கு வாங்கிக் கொடுத்தா என்ன?"

கணக்குச் சரி. யோசனைதான் சரியில்லை. ஆலை இரைச்சலில் 300 ஹெர்ட்ஸ் ஒரு பகுதியே. வளையத்தில் உரசி ஓடும் டிராவலரும், பஞ்சை உறிஞ்சும் காற்றும் எழுப்பும் சீறல் அதைவிட மிக உயர்ந்த அதிர்வெண்கள் கொண்டது. எட்டு மணி நேர ஷிப்டுக்கு முன்பே மின்கலம் தீர்ந்துவிடும். இது பாட்டுக் கேட்கச் செய்த பொருள். எந்த ஆய்வுக்கூடமும் இதைக் காதுக் கவசமாகச் சோதித்துச் சான்று தரவில்லை. ஆலைக்கு ஏற்றது நுரை அடைப்பான். சில பத்து ரூபாய்தான். விரல்களால் மெல்லிய திரியாக உருட்டி, காதின் மேல்மடலைச் சற்றே மேலே இழுத்துக்கொண்டு உள்ளே நுழைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். இந்த அரை நிமிடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தொலைக்காட்சியின் ஒலியை ஏற்றுவது, செல்கள் தற்காலிகமாகச் சோர்ந்திருப்பதன் அடையாளம். நாளடைவில் அந்தச் சோர்வு நிரந்தரமாகிவிடும். இரைச்சலால் வரும் கேள்திறன் இழப்பை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. ஆகவே ஆலையில் அடைப்பான் கேட்டு வாங்கவும், ஒருமுறை காது மருத்துவரிடம் கேள்திறனைச் சோதிக்கவும் சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து வந்தான். அப்பா இப்போது தொலைக்காட்சியின் ஒலியைப் பழைய அளவுக்கு ஏற்றுவதில்லையாம். தனக்கு இயர்பட் வாங்க மணிக்கூண்டுப் பக்கம் மூன்று கடைகள் ஏறி இறங்கினானாம். இரண்டில் மின்விசிறிக்குக் கீழே சோதிக்க விட்டார்களாம். மூன்றாவது கடைக்காரர், "வாங்குறதா இருந்தா மட்டும் பெட்டியைப் பிரி தம்பி" என்றாராம்.